தண்ணீர் ஊற்றினால் கொப்புளிக்காது

"தண்ணி ஊத்தாத, பொக்குளிச்சிரும்." குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை, சங்கரன்கோவில் என்று இந்தக் கரிசல் வட்டாரத்தில் யார் கையில் சூடு பட்டாலும் முதலில் காதில் விழுவது இதுதான். அடுத்து வரும் யோசனை வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் தோசை மாவை அப்பச் சொல்வார்கள். இன்னொரு வீட்டில் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டில் பேனா மை, இல்லாத வீட்டில் டூத் பேஸ்ட், காப்பித்தூள், முட்டை வெள்ளைக்கரு. எதைப் பூசுவது என்பதில் ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். தண்ணீர் ஆகாது, எதையாவது பூசியே ஆக வேண்டும், பூசுவது இயற்கைப் பொருளாக இருந்தால் கெடுதல் செய்யாது என்ற மூன்றிலும் ஊரே ஒரே கருத்தாக இருக்கிறது.

அந்த மூன்றும் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சின்னக் கொப்புளத்துக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று யாராவது கேட்டால், இந்த ஊர்களில் கை எப்படி உழைக்கிறது என்பதை அவர் பார்க்க வேண்டும். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த இந்தப் பூமியில் அந்தத் தொழில் கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் வரை பரவியது. இன்றும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் இல்லாத தெரு இங்கே குறைவு. குச்சியை அள்ளிப் பெட்டியில் அடைக்கும்போது மருந்துத் தலை உரசினால் ஒரு பிடிக் குச்சியும் சேர்ந்து பற்றும். அது போக, நூறு நாள் வேலையில் மண்வெட்டிப் பிடி உள்ளங்கையில் எழுப்பும் கொப்புளம் உண்டு. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் குதிகாலில் எழும் கொப்புளம் உண்டு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து "கால் பொத்துருச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. இத்தனை பேருடைய கையும் காலும் மறுநாள் வேலைக்கு வேண்டியவை. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

முதலில் தண்ணீர்ப் பழியைத் தீர்த்துவிடுவோம். சூடு பட்ட இடத்தில் மேல்தோலுக்கும் அதன் அடித்தோலுக்கும் இடையே உள்ள பிடிப்பு அறுந்துபோகிறது. அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. அந்தக் கசிவு பிரிந்த இடத்தில் தேங்கி நிற்பதே கொப்புளம். அதற்குள் இருக்கும் நீர் முழுக்க உடம்பிலிருந்து வந்தது. வெளியே ஊற்றிய தண்ணீர் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்பதில்லை. அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சூடு பட்ட அந்த நொடியே கொப்புளம் எழும்புவதில்லை. சில நேரம் நிமிடங்களில், சில நேரம் மணிக்கணக்கில் எழும்பும். அதற்குள் யாராவது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். பிறகு கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் கடைசியாக நடந்ததன் மேல் பழியைப் போட்டார்கள். ஊற்றாமல் விட்டிருந்தாலும் அது எழும்பியிருக்கும். பெரும்பாலும் இன்னும் பெரிதாக எழும்பியிருக்கும்.

ஏனென்றால் அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் சுடுவதுபோல, தீயிலிருந்து கையை எடுத்த பின்னும் தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்துவது ஒன்றே முதல் சிகிச்சை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தீக்காயம் பட்ட 2,495 குழந்தைகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2020-இல் வெளியானது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டப்பட்ட குழந்தைகளுக்கு, தோல் எடுத்து ஒட்டும் அறுவைக்கான வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. எந்தக் களிம்பையும் சேர்க்காமல், வெறும் தண்ணீரால் கிடைத்த பலன் இது. இதைவிட இயற்கையான வைத்தியம் எது? வீட்டிலேயே இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, சோதித்தும் பார்த்தாயிற்று. அதைத்தான் நம் வீடுகள் தள்ளி வைத்திருக்கின்றன.

தோசை மாவு குளுகுளுவென்று இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்தக் குளிர்ச்சி மாவில் இருக்கும் தண்ணீருடையது. ஐந்து நிமிடத்தில் அது சூடாகிக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். புளிப்பதற்குக் காரணமான நுண்ணுயிர்கள் கொப்புளம் உடைந்த இடத்தில் தங்கிவிடும். நெய்யும் எண்ணெயும் இன்னும் மோசம்; அவை சூட்டை வெளியே விடாமல் மூடுகின்றன. மஞ்சளும் பேனா மையும் செய்கிற கெடுதல் வேறு வகை. காயத்தின் ஆழத்தை டாக்டர் நிறத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார்: சிவப்பா, வெளுப்பா, அழுத்தினால் நிறம் மாறுகிறதா என்று. மஞ்சளோ நீலமோ பூசிக்கொண்டு போனால் அவருக்கு எதுவும் தெரியாது. வெந்த தோலின் மேல் அப்பியதைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். அந்த வேதனையைப் பட்டவர்களிடம் கேளுங்கள்.

மானாவாரி பூமியில் 20 நிமிடம் குழாயைத் திறந்து விடச் சொல்வது சுலபம், தண்ணீர் எங்கே என்ற கேள்வி நியாயமானது. குடிநீர் வண்டி வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தெருக்களை எனக்குத் தெரியும். குழாய் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரை ஒரு அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் கையை அமிழ்த்தி வைக்கலாம், செம்பால் மொண்டு மொண்டு மேலே விடலாம், வெதுவெதுப்பானால் மாற்றலாம். ஒன்றிரண்டு குடத்தில் காரியம் முடிந்துவிடும். வளையலையும் மோதிரத்தையும் வீங்கும் முன்னே கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. அது தோலை இன்னொரு முறை காயப்படுத்தும். பிறகு துவைத்த சுத்தமான துணியால் மூடினால் போதும்.

"எங்க அம்மா இதைத்தான் போட்டா, ஆறிப் போச்சு" என்பது அடுத்த வாதம். ஆறியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆற்றியது யார் என்பதில்தான் எனக்கு வழக்கு. உரசலில் எழும்பிய கொப்புளத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஆறு மணி நேரத்துக்குள் கொப்புளத்தின் அடித்தளத்துச் செல்கள் புதுத்தோலுக்கான வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 24 மணி நேரத்தில் அவை வேகமாகப் பெருகுகின்றன. ஐந்தாம் நாள் அளவில் புதிய மேல்தோல் கண்ணுக்குத் தெரிகிறது. பூசினாலும் இது நடக்கும், பூசாவிட்டாலும் நடக்கும். ஒரு வாரத்தில் தானே ஆறுகிற ஒன்றுக்கு எதைப் பூசினாலும் அது மருந்தாகத்தான் தெரியும். பூசியதால் புண் வைத்து, சீழ் பிடித்து, காய்ச்சலில் படுத்தவர்களின் கதை "அவனுக்கு உடம்பு வாகு அப்படி" என்று முடிந்துவிடுகிறது. வெற்றியெல்லாம் பச்சிலைக்குச் சேர்ந்து, தோல்வியெல்லாம் உடம்பின் தலையில் விழுகிறது. இப்படிக் கணக்குப் பார்த்தால் எந்தப் பொருளும் மருந்தாகிவிடும்.

கொப்புளத்தைக் குத்திக் 'கெட்ட நீரை' வெளியேற்ற வேண்டும் என்பதும் இதே வகைதான். அது கெட்ட நீரே இல்லை. இரத்தத்தின் தெளிந்த பகுதியை ஒத்தது. மேலே மூடியிருக்கும் தோல் கிருமி புகாத கட்டு. எந்தக் கடையிலும் அதைவிடப் பொருத்தமான கட்டு கிடைக்காது, ஏனென்றால் அது அந்த இடத்துக்கென்றே அமைந்தது. அதை ஊசியால் கிழித்துவிட்டு, கிழித்த இடத்தில் வேப்பிலை அரைத்து வைப்பது இருந்த காவலை நீக்கிவிட்டு வேறு காவல் தேடுவது. 'காத்தாட விடு, காயட்டும்' என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையை 'நேச்சர்' இதழில் எழுதினார். காற்றில் காயவிட்ட மேலோட்டமான காயங்களைவிட, மெல்லிய பாலித்தீன் தாளால் ஈரம் போகாமல் மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. இன்று உலகெங்கும் காயங்களுக்குப் போடும் ஈரக் கட்டுகளின் தொடக்கம் அதுதான். மூடிய கொப்புளம் அந்த வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது.

இனி மூன்றாவது நம்பிக்கை. மூன்றில் அதிகம் கெடுக்கிறது இதுதான் என்பது என் எண்ணம். இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாதாம். சேங்கொட்டைப் பால் பட்ட கையைப் பார்த்தவர் யாரும் இதைச் சொல்லத் துணிய மாட்டார்கள். சலவைத் துணியில் குறி போடப் பயன்பட்ட அந்தச் சாறு தோலைக் கொப்புளிக்க வைக்கும். எருக்கம்பாலும் அப்படி. கொடிவேலி வேரை அரைத்துக் கட்டினால் கட்டிய இடம் வெந்துபோகும். சமையலறைப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டியவர்களுக்குத் தீக்காயம் போலவே கொப்புளம் கண்டதை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி நமக்குப் பக்கத்து ஊர். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளித்து, மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கக்கூடும். தழும்பு மறைய எலுமிச்சை தேய்க்கச் சொல்லும் வைத்தியக் குறிப்புகள் இந்த விஷயத்தைச் சொல்வதே இல்லை.

இதைச் சொன்னால் சித்த மருத்துவத்தைப் பழிக்கிறாய் என்று கோபிப்பார்கள். நான் சித்த மருத்துவத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது அந்த மருத்துவத்தின் விதி. மருந்துச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தி முறை வைத்தவர்கள், இயற்கையாக இருப்பதாலேயே ஒன்று தீங்கற்றது என்று நம்பியிருந்தால் எதற்காக அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்? தீப்புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெயும் ஆறாப் புண்ணுக்கு மத்தன் தைலமும் முறையாகச் செய்யப்படும் மருந்துகள். அவற்றைக் கற்பிக்க 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படித்த வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் மருந்தும், பதற்றத்தில் அலமாரியைத் திறந்து கைக்குக் கிடைத்ததை அப்புவதும் ஒன்றாகிவிடாது. இரண்டையும் 'நாட்டு வைத்தியம்' என்று ஒரே பேரில் சேர்ப்பதுதான் அந்த மருத்துவத்துக்குச் செய்யும் அவமதிப்பு.

மஞ்சளுக்கு வருவோம். "அமெரிக்காக்காரனே காப்புரிமை வாங்கப் பார்த்தான், நாம தடுத்தோம், தெரியுமா?" என்று கேட்காதவர் குறைவு. நடந்தது என்னவென்றால், காயத்தில் மஞ்சள் தூள் போடும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. எனக்கும் பெருமையான வெற்றிதான். ஆனால் அந்த வழக்கின் கேள்வி, மஞ்சள் காயத்தை ஆற்றுகிறதா என்பதல்ல. இந்த முறை புதியதா பழையதா என்பது. இது இந்தியாவில் காலங்காலமாக இருப்பது என்று பழைய நூல்களைக் காட்டி வென்றோம். பழையது என்று நிரூபித்ததை, குணமாக்குவது என்று நிரூபித்ததாக எடுத்துக்கொள்வது தவறு. வழக்கில் பேசப்பட்ட மஞ்சள், சாயம் கலந்து பாக்கெட்டில் வந்து மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மஞ்சளும் அல்ல.

ஆங்கில மருத்துவமும் இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கிறது. 1925-இல் டெட்ராய்ட் நகரத்தில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் தீக்காயத்துக்கு டானிக் அமிலம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். கடுக்காய்க்கும் தேயிலைக்கும் துவர்ப்பைத் தருகிற பொருள் வகைதான் அது, முழுக்க இயற்கை. பல நாடுகளின் ஆஸ்பத்திரிகள் அதைப் பூசின. 1940-களில் அது கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிய வந்ததும் கைவிட்டன. பெரிய பெரிய டாக்டர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்தியது என்பது அதைக் காப்பாற்றவில்லை. அந்த ஒரு குணத்தைத்தான் நம் வீடுகளிடம் கேட்கிறேன். பாட்டி சொன்னது என்பது மரியாதைக்குரிய தொடக்கம், ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடாது.

விசாரித்த இடங்களில் நம் பொருள்கள் ஜெயித்தும் இருக்கின்றன. சோலாப்பூரில் சுப்பிரமணியம் என்ற மருத்துவர் 104 நோயாளிகளின் மேலோட்டமான தீக்காயங்களில் தேன் கட்டையும் வெள்ளிக் களிம்பையும் ஒப்பிட்டு 1991-இல் எழுதினார், தேன் முந்தியது. பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2015 அறிக்கை, அதிக ஆழமில்லாத தீக்காயங்கள் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுவதாகச் சொல்கிறது. மும்பையில் மதுரி கோரேயும் அவரோடு பணியாற்றியவர்களும் வாழை இலையைக் காஸ் துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, தீக்காயத்துக்குக் கட்டாகப் போட்டார்கள். 2003-இல் முடிவுகள் வெளியாயின. காயத்தில் ஒட்டாமல், வலியில்லாமல் கழன்று வந்தது, செலவு மிகக் குறைவு. கற்றாழைச் சோற்றுக்கும் சில சிறிய ஆய்வுகள் சாதகமாக உண்டு. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் காயத்துக்கென்று விற்கும் தேன் கிருமி நீக்கப்பட்டது. பலகாரத்துக்கு வைத்திருக்கிற தேனில் நுண்ணுயிர் வித்துகள் இருக்கலாம். அந்த மும்பை இலையும் நீராவியில் வேகவைத்து எடுத்தது, தோட்டத்தில் அறுத்தபடியே வைத்துக் கட்டியது அல்ல. எது என்பதோடு எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லாத வைத்தியக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் தோலைப் பற்றி எழுத முடியாது. நாக அரசர்களான சங்கனும் பதுமனும் வழிபட்ட தலம், ஆடித்தபசுக்கு ஊர் ஊராகக் கூடும் தலம். தோல் நோய் தீர அந்தப் புற்றுமண்ணைப் பூசிக்கொள்வது தலைமுறைகளின் நம்பிக்கை. நெற்றியில் இடும்போது எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. உடைந்த கொப்புளத்தில் வைக்கும்போதுதான் தடுக்கிறேன். ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்து மண்ணில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது. எந்த மண் புனிதமானது என்று அது பார்ப்பதில்லை. தடுப்பூசி போட்டுப் பல வருடமான உடம்புக்குள் அது போக ஒரு சின்னத் திறப்பு போதும். சாமியை நெற்றியில் வைத்துக்கொண்டு, காயத்தைத் தண்ணீரில் கழுவுவதில் பக்தி குறைந்துவிடாது.

எல்லாக் கொப்புளமும் சின்னக் கொப்புளம் இல்லை என்பதும் இந்த நம்பிக்கையால் மறைந்துபோகிறது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு வரிசையாக எழும்புவது அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது இங்கே இன்னும் வழக்கம். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் பதுங்கியிருந்து கிளம்புவது அது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரங்களில் கொப்புளம் காய்ந்துவிடும்; அதனால் காவிக்குப் பேர் வந்தது. ஆனால் வயதானவர்களில் பலருக்கு அந்த நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கிறது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. வைரஸுக்கு எதிரான மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. எழுதிவிட்டுக் காத்திருக்கும் மூன்று நாளும் அந்த 72 மணி நேரம்தான்.

சர்க்கரை நோயாளியின் காலில் எழும் கொப்புளமும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. நரம்பு மரத்துப்போன பாதம் வலியைச் சொல்லாது. பாதயாத்திரையில் எழும்பிய கொப்புளம் உடைந்து மண்ணும் எண்ணெயும் ஏறி, நாற்றம் வந்த பிறகு தெரிந்தால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். அவர்களுக்கு வீட்டு வைத்தியம் என்ற பேச்சே கூடாது. முகம், கை மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட சூடும், உள்ளங்கை அளவை மிஞ்சிய கொப்புளமும், சீழோ காய்ச்சலோ கண்ட எந்தக் கொப்புளமும், குழந்தைக்கு வந்ததும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

போனால் ஒரு நாள் கூலி போகுமே என்பார்கள். இந்த வாதத்துக்கு முன்னால் நான் குரலை உயர்த்தத் தயாரில்லை, ஏனென்றால் அது உண்மை. அறியாமையால் மட்டும் மஞ்சள் பூசுவதில்லை. மதியத்துக்குள் குச்சி அடைத்து முடிக்க வேண்டும் என்பதாலும் பூசுகிறார்கள். ஆனால் அந்த உண்மை, பூசுவதை மருந்தாக்கிவிடாது. கேள்வியை அது வேறு வாசலுக்குக் கொண்டுபோகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 150 தொழிலாளிகளுக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது. தீப்பெட்டி ஆபீஸில் தீயை அணைக்கும் மணல் வாளியைப் போலவே, வெந்த கையை வைக்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் வேண்டும். அதன் மேல் '20 நிமிடம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் நேரத்துக்கும் கூலி பிடிக்கக் கூடாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி மணல் வாளியை எண்ணுகிறபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். வீட்டில் குச்சி அடைக்கும் பெண்களுக்குச் சட்டத்தின் அந்தப் பெட்டி எட்டவே எட்டாது. கட்டுக் கணக்குப் பார்த்துச் சரக்கு எடுக்க வருகிற ஏஜென்ட், சரக்கோடு சுத்தமான காஸ் துணியும் கொண்டுவரக் கடமைப்பட்டவர்.